அரை மணி தூரத்தில் ஒரு கூடாரம்

மதுரை மூன்றுமாவடியில் பெரியவர்களுக்குச் சைக்கிள் கற்றுத்தரும் ஒருவர் இருந்தார். பெயர் பியூலா. முன்பு ஒரு மருத்துவமனையில் நர்ஸாக இருந்தவர். வயது நாற்பதைத் தொடவில்லை. அவரிடம் வந்தவர்கள் அநேகமாக எல்லோரும் அவரைவிட மூத்தவர்கள். ஆனாலும் டீச்சர் என்றே கூப்பிட்டார்கள்.

ஓட்டப் பழகியவர்களை டீச்சர் அத்தோடு விட்டுவிடுவதில்லை. சைக்கிளில் கூடாரத்தைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வெளியே போய், ஒரு ராத்திரி தங்கி, காலையில் திரும்பி வரச் சொல்வார். ஒருமுறை போய் வந்தவர்கள் பிறகு யாரும் சொல்லாமலே போனார்கள். ஒருமுறையும் போகாதவர் வேலாயுதம் மட்டும்.

வேலாயுதம் பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த வண்டி எப்போது கிளம்பி எப்போது போய்ச் சேரும் என்று பார்ப்பதிலேயே வேலைக்காலம் முழுவதும் போயிருந்தது. பயணத் திட்டம் போட அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முதல் தடவை சாத்தையாறு அணைப் பக்கம் என்றார். எந்த மேட்டில் இறங்கித் தள்ள வேண்டும், எந்தக் கடை முதலில் திறக்கும் என்பதுவரை யோசித்து வைத்திருந்தார். போகவில்லை. அடுத்த தடவை சிறுமலை அடிவாரம். அதற்கும் போகவில்லை. பிறகு வைகை அணையையும் தாண்டி ஓர் இடம் சொன்னார். கேட்டவர்கள் வாயைப் பிளந்தார்கள். அதுவும் நடக்கவில்லை. கிளம்புவதற்கு முந்தின நாள் ஏதாவது ஒன்று வந்துவிடும். டயர் சரியில்லை. மழை வரும் போலிருக்கிறது. இடுப்பு பிடித்துக்கொண்டது.

ஒரு நாள் விடியற்காலையில், டீச்சர் கற்றுத்தரும் மைதானத்துக்கு வரும் வழியில் வேலாயுதம் சைக்கிள் மேலேயே தூங்கிப் போனார். வண்டி சாலையை விட்டு இறங்கி வேலிமுள்ளுக்குள் போய் நின்றது. முழங்கையில் கீறல், காலில் முள். அந்த நேரத்தில் லாரி எதுவும் வரவில்லை.

மைதானத்தில் டீச்சர் அவரை உட்காரவைத்து முள்ளை எடுத்தார்.

"ராத்திரி தூங்கலையா சார்?"

"தூங்குவேன். நடுநடுவுல எந்திரிக்கணும். பழகிப்போச்சு."

"எத்தனை வருஷமா?"

"வல்லிக்கு முடியாமப் போனதுலேர்ந்து."

டீச்சர் அடுத்த முள்ளைத் தேடினார்.

"இந்தத் தடவை கண்டிப்பாப் போறேன் டீச்சர்," என்றார் வேலாயுதம். "ஒரே ஒரு ராத்திரி. அதுக்கு என்னென்ன எடுத்துட்டுப் போகணும்னு சொல்லுங்க."

"சாயங்காலம் வீட்டுக்கு வர்றேன். பார்த்துட்டுச் சொல்றேன்."

டீச்சர் போனபோது வேலாயுதம் எல்லாவற்றையும் தரையில் பரப்பி வைத்திருந்தார். பிரிக்காத கூடாரம், சுருட்டிய பாய், சின்ன கேஸ் அடுப்பு, பாத்திரம், கயிறு, பஞ்சர் ஒட்டும் சாமான்கள், உபரியாக ஒரு டயர். டீச்சர் அவற்றைத் தாண்டிப்போய் ஜன்னலோரக் கட்டிலின் பக்கத்தில் நின்றார்.

கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவள் வேலாயுதத்தின் மனைவி வல்லி. பக்கவாதத்தில் வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் முதலில் நின்றுபோய்ப் பிறகு திரும்பியது. ஆனால் ஒவ்வொரு சொல்லும் வர நேரம் பிடிக்கும்.

"நல்லா இருக்கீங்களாம்மா?" என்று கேட்டார் டீச்சர்.

வல்லி அவரைப் பார்த்தாள். உதடு அசைந்தது. "ந..."

"நல்லா இருக்கா டீச்சர்," என்றார் வேலாயுதம். "இன்னைக்குச் சாப்பாடுகூட ஒழுங்கா இறங்குச்சு."

"சார் ஒரு ராத்திரி வெளிய போய்த் தங்கிட்டு வரலாம்னு இருக்காரும்மா. நீங்க என்ன சொல்றீங்க?"

"போ..."

"போக வேண்டாம்னுதான் சொல்லுவா. பயந்த சுபாவம்."

வல்லி வாயை மூடிக்கொண்டாள். வேலாயுதம் அவள் முதுகுக்குப் பின்னால் இருந்த தலையணையைச் சரிசெய்தார். அது சரிந்திருந்தது உண்மைதான்.

டீச்சர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ராத்திரி அம்மாவுக்கு என்னென்ன செய்வீங்க சார்?"

வேலாயுதம் சொன்னார். முதலில் இடது பக்கம் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், முழங்காலுக்கு நடுவே தலையணை. பிறகு வலது பக்கம். பிறகு மல்லாக்க. தண்ணீரை ஸ்பூனில்தான் கொடுக்க வேண்டும், தாடையைக் கொஞ்சம் குனிய வைத்து. இல்லாவிட்டால் புரை ஏறும்.

"நீங்க இல்லாத அன்னைக்கு இதை யார் செய்வா?"

வேலாயுதம் தரையில் கிடந்த கூடாரத்தைப் பார்த்தார்.

"விருதுநகர்ல தங்கச்சி இருக்கா. கூப்பிட்டா வருவா. ஆனா அவளுக்குப் பக்குவம் தெரியாது டீச்சர். யாருக்கும் தெரியாது. வல்லி ஒண்ணு வேணும்னு நினைக்கிறதுக்குள்ள நான் கொண்டுவந்து வச்சிருப்பேன்."

"எனக்குச் சொல்லித் தாங்க."

"உங்களுக்கா? நீங்க நர்ஸா இருந்தவங்க."

"நர்ஸுதான். இந்த அம்மாவைப் பார்த்துக்கிட்டது இல்லையே."

வேலாயுதம் சங்கடத்தோடு சிரித்தார். டீச்சர் சிரிக்கவில்லை.

"சரி, எங்க போறதா இருக்கீங்க?"

"சாத்தையாறுதான். அந்த வழி எனக்கு மனப்பாடம்."

"ராத்திரி திடீர்னு வீட்டுக்கு வரணும்னு தோணிச்சுன்னா?"

"ஏன் தோணப்போகுது?"

"தோணிச்சுன்னா."

வேலாயுதம் மனத்துக்குள் கணக்குப் போட்டார். "இருட்டுல அந்த ரோட்டுல வர முடியாது. விடிஞ்சாத்தான்."

"அப்ப அது வேண்டாம். நினைச்சா அரை மணி நேரத்துல வீட்டுக்கு வந்து சேர்ற மாதிரி ஒரு இடம் சொல்லுங்க."

"அரை மணி நேரமா? ஊரே முடியாதே டீச்சர். கேட்டா எல்லாரும் சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். இடம் சொல்லுங்க."

சாத்தையாற்றுக்கும் சிறுமலைக்கும் வழி சொன்னவர் இதற்குத் திணறினார். கடைசியில், அப்பன்திருப்பதிக்கு முன்னால் காதர் மைதீனின் மச்சானுக்கு ஒரு கொய்யாத்தோப்பு இருப்பது நினைவுக்கு வந்தது. காதர் மைதீன் டீச்சரிடம் சேர்ந்து ஓட்டுகிறவர்தான். தையல் கடை வைத்திருந்தார். தோப்பில் கிணறு உண்டு, காவலுக்கு ஆளும் உண்டு.

"அங்க போங்க. காதர் அண்ணனையும் கூட்டிக்குங்க," என்றார் டீச்சர். பிறகு தரையைப் பார்த்தார். "அடுப்பு வேண்டாம். வழியில கடச்சனேந்தல்லயே இட்லி கிடைக்கும். அந்த டயரும் வேண்டாம். தண்ணி, போர்வை, டார்ச், கொசுவத்தி. அது போதும்."

அடுத்த சில நாட்கள் டீச்சர் மாலைதோறும் வந்தார். வேலாயுதம் கண்டிப்பான ஆசிரியராக இருந்தார். தோளைப் பிடித்துத் திருப்பக் கூடாது, இடுப்பில் கை கொடுக்க வேண்டும். கஞ்சி இன்னும் கெட்டியாக இருக்க வேண்டும். டீச்சர் சொன்னபடி செய்தார். தவறினால் மறுபடியும் செய்தார். தான் பழகிய நோயாளிகளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

கிளம்பும் நாள் வந்தது. டயர் நன்றாக இருந்தது. மழை அறிகுறி இல்லை. வேலாயுதம் இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அதுவும் வலிக்கவில்லை. கூடாரத்தைக் கேரியரில் வைத்துக் கட்டினார். கட்டு இறுக்கமாக இல்லை என்று அவிழ்த்து மறுபடியும் கட்டினார். வாசலில் காதர் மைதீன் ஒற்றைக் காலை ஊன்றிக் காத்திருந்தார்.

ஜன்னல் வழியாக வல்லி பார்த்துக்கொண்டிருந்தாள். "பா..." என்றாள்.

"பால்தானே? சொல்லியிருக்கேன். டீச்சர் காய்ச்சித் தருவாங்க," என்று சொல்லிவிட்டு வேலாயுதம் சைக்கிளை மிதித்தார்.

வெயில் தாழ்ந்திருந்தது. அழகர்கோயில் சாலையில் போக்குவரத்து அதிகம். இருவரும் ஓரமாகவே போனார்கள். கடச்சனேந்தலில் இட்லி கட்டிக்கொண்டார்கள். ஊர் மெல்ல மெல்ல விலகி, சாலையின் இருபுறமும் வயல் தெரிந்தது. வடக்கே அழகர்மலை நீலமாகக் கிடந்தது. தோப்புக்குத் திரும்பும் மண்பாதையில் இறங்கியபோது வேலாயுதம் சொன்னார்:

"வந்துட்டமா? அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாண்ணே," என்றார் காதர் மைதீன். "நான் முதல் தடவை இதைவிடக் கிட்டக்கதான் போனேன். யார்கிட்டயும் சொல்லலை."

கூடாரம் போடுவது வேலாயுதத்துக்கு எளிதாக இல்லை. கம்பியை ஒருபக்கம் நுழைத்தால் மறுபக்கம் பிடுங்கிக்கொண்டது. காதர் மைதீன் ஊசியில் நூல் கோர்ப்பதுபோல நுனியைப் பிடித்து நிதானமாக உள்ளே விட்டார். கூடாரம் நின்றது. கிணற்றடியில் முகம் கழுவிவிட்டு வேலாயுதம் வீட்டுக்குப் போன் செய்தார்.

"அம்மா சாப்பிட்டாச்சு," என்றார் டீச்சர். "புரை ஏறலை."

"பக்கம் திருப்பணும்."

"நேரம் ஆகும்போது திருப்புறேன் சார்."

இட்லியைச் சாப்பிட்டார்கள். இருட்டத் தொடங்கியது. தவளைகள் கத்தின. காதர் மைதீன் தன் கடைக்கு வரும் மாப்பிள்ளைகளைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். வேலாயுதம் கேட்பதுபோல உட்கார்ந்திருந்தார். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் போன் செய்தார். மணி அடித்து அடித்து நின்றது. இன்னொரு தடவை செய்தார். எடுக்கவில்லை. மூன்றாம் தடவையும் எடுக்கவில்லை.

வேலாயுதம் எழுந்து சைக்கிளைப் பிடித்தார்.

"அண்ணே, டீச்சர் இருக்காங்கள்ல. கை வேலையா இருப்பாங்க," என்றார் காதர் மைதீன்.

"எனக்கு மனசு கேக்கலை காதர்."

"நானும் வரட்டுமா?"

"வேண்டாம். நீ இங்கயே இரு. நான் பார்த்துட்டுச் சொல்றேன்."

கூடாரம் நின்றபடியே நின்றது. வேலாயுதம் டார்ச்சைக் கைப்பிடியில் கட்டிக்கொண்டு மண்பாதையில் ஏறினார். பெரிய சாலைக்கு வரும்வரை வல்லிக்குப் புரை ஏறிவிட்டது என்று நினைத்தார். கடச்சனேந்தல் வந்தபோது கட்டிலிலிருந்து விழுந்துவிட்டாள் என்று நினைத்தார். அதற்கப்புறம் நினைத்ததை அவர் யாரிடமும் சொல்லவில்லை. எதிரே வந்த வண்டிகளின் வெளிச்சத்தில் கண் கூசியது. ஒரு தடவையும் இறங்கவில்லை.

தெருவுக்குள் நுழைந்தபோது வீட்டு வாசலில் கூட்டம் இல்லை. விளக்கு எரிந்தது. சைக்கிளை விட்டு இறங்கி வாசற்கதவை நோக்கிப் போனார். உள்ளே ஒரு பெண்ணின் குரல் கேட்டது. டிவி ஓடுகிறது என்று நினைத்தார். குரல் நின்றது. நெடுநேரம் ஒன்றும் இல்லை. மறுபடியும் வந்தது. அது வல்லியின் குரல்.

வேலாயுதம் கதவைத் தட்டவில்லை. சைக்கிளைப் பிடித்தபடி ஜன்னல் பக்கம் வந்து இருட்டில் நின்றார்.

வல்லி கட்டிலில் சாய்ந்திருந்தாள். எதிரே நாற்காலியில் டீச்சர், மடியில் கைகளை வைத்துக்கொண்டு. டீச்சரின் போன் தூரத்தில் மேசைமேல் கிடந்தது.

"அவருக்கு... நைட்... டூட்டி," என்றாள் வல்லி. "நானும்... எதிர்வீட்டு... சரோஜினியும்..."

அந்த இடத்தில் நின்றுவிட்டாள். நெற்றி சுருங்கியது. இடது கை விரல்கள் போர்வையைத் தடவின. கோயிலுக்கு. வேலாயுதத்துக்கு அந்தச் சொல் தெரியும். சரோஜினியோடு கோயிலுக்குத்தான் போவாள். அவர் வாய் திறந்துவிட்டது. வெளியே நிற்கிறோம் என்பது நினைவு வந்து மூடிக்கொண்டார்.

டீச்சர் ஒன்றும் சொல்லவில்லை. தலையை ஆட்டவும் இல்லை. உட்கார்ந்திருந்தார்.

"செகண்ட்... ஷோ," என்றாள் வல்லி.

"சினிமாவுக்கா? சாருக்குத் தெரியாதா?"

"தெரி...யாது." வல்லியின் முகம் ஒருபக்கமாகக் கோணிக்கொண்டு மலர்ந்தது. "சரோஜினி... சைக்கிள்... மிதிப்பா. நான்... பின்னாடி."

"அவர் வந்துட்டாருன்னா?"

"அவருக்கு... எப்பவும்... ஒரே டைம்." மூச்சு வாங்கினாள். "அதுக்குள்ள... வந்து... படுத்துக்குவேன்."

டீச்சர் சிரித்தார். வல்லியும் சிரித்தாள். அவள் சிரித்து வேலாயுதம் கேட்டு வெகு நாளாகியிருந்தது. எந்த வீட்டில் இருந்தபோது, எந்த ஷிப்டில் என்று அவர் மனம் தானாகத் தேடியது. பாதியில் விட்டுவிட்டது.

"இன்னைக்கும் அவர் இல்லை," என்றார் டீச்சர். "எப்படிம்மா இருக்கு?"

"எனக்கு..." என்றாள் வல்லி.

வேலாயுதம் ஜன்னல் கம்பிக்குக் கையைக் கொண்டுபோய், தொடாமல் இழுத்துக்கொண்டார். கஷ்டமாக இருக்கிறது. அதைத்தான் சொல்ல வருகிறாள். சொல்லட்டும், உடனே உள்ளே போய்விடலாம். தெருவில் ஒரு மோட்டார் சைக்கிள் போனது. அதன் சத்தம் முழுவதும் அடங்கிய பிறகும் வல்லி அந்தச் சொல்லைத் தேடிக்கொண்டிருந்தாள். டீச்சர் அசையவில்லை.

"புதுசா... இருக்கு," என்றாள் வல்லி.

வேலாயுதம் அங்கேயே நின்றார். கோபம் வரும் என்று எதிர்பார்த்தார். வரவில்லை. வந்தது என்னவென்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. உள்ளே வல்லி அடுத்த சொல்லைத் தேடத் தொடங்கியிருந்தாள். அது என்னவாக இருக்கும் என்று யோசித்துப் பார்த்தார். ஒன்றும் தோன்றவில்லை.

சைக்கிளை உருட்டினால் பின்சக்கரம் சத்தம் போடும். அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தெருமுனைவரை நடந்தார். பிறகு ஏறி, வந்த வழியே மிதித்தார். கடச்சனேந்தலில் இறங்கி ஒரு டீ குடித்தார்.

காதர் மைதீன் தோப்பு வாசலிலேயே நின்றிருந்தார்.

"என்னண்ணே ஆச்சு? அக்கா சுகந்தானே?"

"சுகந்தான். சினிமாவுக்குப் போயிருக்கா."

காதர் மைதீன் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு மேற்கொண்டு கேட்கவில்லை. வேலாயுதம் கூடாரத்துக்குள் நுழைந்து படுத்தார். பக்கம் மாற்றிப் படுக்கவைக்க வேண்டிய நேரத்தில் விழிப்பு வரும் என்று நினைத்தார். வரவில்லை. கூடாரத்துணியில் வெயில் பட்டுச் சிவந்த பிறகுதான் கண் திறந்தார். வெளியே காதர் மைதீன் பல் தேய்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்தபோது வல்லி தூங்கிக்கொண்டிருந்தாள். இடது பக்கமாகப் படுத்திருந்தாள். முழங்காலுக்கு நடுவே தலையணை இருந்தது. வேலாயுதம் கொஞ்ச நேரம் கட்டிலருகே நின்றார். டீச்சர் கிளம்புவதற்காகத் தன் சைக்கிளை வாசலில் நிறுத்தியிருந்தார். வேலாயுதம் வெளியே வந்தார்.

"ராத்திரி வந்தேன் டீச்சர். நீங்க போன் எடுக்கலை."

"அம்மா பேசிக்கிட்டு இருந்தாங்க."

"ஜன்னல்கிட்ட நின்னு கேட்டேன். உள்ள வரலை."

"சரி சார்."

டீச்சர் டயரை அமுக்கிப் பார்த்தார். காற்று இருந்தது. வேலாயுதம் இன்னும் போகாமல் நின்றார்.

"அவளுக்கு முடியாமப் போனதுலேர்ந்து நான்தான் கூடவே இருக்கேன். என்கிட்ட ஒருநாள்கூட அவ்வளவு பேசினதில்லை. நீங்க என்ன செஞ்சீங்க டீச்சர்?"

"ஒண்ணும் செய்யலை சார்," என்றார் டீச்சர். "அவங்க என்ன சொல்லப்போறாங்கன்னு எனக்குத் தெரியாது."